ஐரோப்பாவில் வைஃபை கருவி விற்க: சிஇ குறிக்குப் பின்னால் இருக்க வேண்டிய கோப்பு

ஏற்றுமதிக்குப் புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "சிஇ சர்டிஃபிகேட் வாங்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அப்படி ஒரு சான்றிதழை எந்த அரசும் கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களுக்குப் பொருள் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ குறியை அதில் ஒட்டுபவர் தயாரிப்பாளர். சட்டத்துக்குப் பொருந்துகிறது என்று கையெழுத்திட்டு அறிவிப்பவரும் அவரே. நாளை ஜெர்மனியில் ஓர் அதிகாரி கேட்டால் சோதனை அறிக்கைகளோடு பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மின்னஞ்சலில் மலிவு விலைக்கு வரும் "சிஇ சான்றிதழ்" பிடிஎஃப்களை அந்த அதிகாரி பொருட்படுத்த மாட்டார். அவர் கேட்பது இரண்டு: இணக்க அறிவிப்பு, தொழில்நுட்பக் கோப்பு. கீழே வருவதெல்லாம் அந்தக் கோப்பைக் கட்டும் வேலைதான்.

பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். குளிர்பதனக் கிடங்குக்கான வெப்பநிலை மானி. வைஃபையும் புளூடூத்தும் உள்ள ஆயத்த மாட்யூல், 5 வோல்ட் யூஎஸ்பி மின்சாரம், இரண்டு மீட்டர் கேபிளில் உணரி. கோவையிலோ ஓசூரிலோ செய்து நெதர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ விற்பதாக எண்ணம்.

எந்தச் சட்டம்?

ரேடியோ அலையை வேண்டுமென்றே அனுப்பும் அல்லது பெறும் கருவி என்றால் 2014/53/ஈயூ. ரேடியோ எக்விப்மென்ட் டைரெக்டிவ்; புழக்கத்தில் ஆர்ஈடி. 2016 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 3ஆம் பிரிவுதான் முழு விஷயமும். 3.1ஏ பாதுகாப்பும் உடல்நலமும், 3.1பி மின்காந்தப் பொருத்தம் (இஎம்சி: பிற கருவிகளைக் கெடுக்காமலும் அவற்றால் கெடாமலும் இயங்குவது), 3.2 அலைக்கற்றையை ஒழுங்காகப் பயன்படுத்துவது. 3.3இல் கூடுதல் தேவைகள் உள்ளன. அவற்றில் நம்மைப் பிடிப்பது சைபர் பாதுகாப்பு.

புதியவர்கள் செய்யும் ஒரு தவறு இங்கேயே தொடங்கும். அறிவிப்பில் ஆர்ஈடியோடு, தாழ்மின்னழுத்தச் சட்டமான 2014/35/ஈயூவையும் இஎம்சி சட்டமான 2014/30/ஈயூவையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். ரேடியோ கருவிக்கு அவை இரண்டும் பொருந்தாது. அவற்றின் வேலையை 3.1 செய்துவிடுகிறது. மூன்றையும் எழுதினால், எழுதியவருக்குச் சட்டம் தெரியாது என்று படிப்பவருக்கு முதல் பார்வையிலேயே புரிந்துவிடும். ஈயம், காட்மியம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ரோஸ் சட்டம், 2011/65/ஈயூ, மட்டும் கூடவே வர வேண்டும்.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கொடுத்த ஈடிஏ (ரேடியோ கருவிக்கான ஒப்புதல்) அங்கே செல்லாது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அடையாள எண்ணும் செல்லாது. ஈடிஏவுக்காக எடுத்த ரேடியோ அறிக்கை ஐரோப்பியத் தரமான ஈஎன் 300 328இன்படி எடுக்கப்பட்டிருந்தால் அதன் சில பக்கங்கள் பயன்படலாம். எஃப்சிசி அறிக்கை அந்த அளவுக்குக்கூட உதவாது. ரிசீவர் பக்கத்து அலையைத் தாங்குகிறதா என்று ஆர்ஈடி கேட்கிறது. எஃப்சிசி அறிக்கையில் அந்தச் சோதனையே இருக்காது.

முதல் படி: அலைவரிசை, திறன்

வடிவமைப்பு முடிந்த பிறகு பார்க்க வேண்டியதல்ல இது. பிசிபி (மின்சுற்றுப் பலகை) வரையும் முன்பே முடிவாக வேண்டும்.

2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஐரோப்பாவில் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் ஈஐஆர்பி. டிபிஎம் என்பது மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு. ஈஐஆர்பி என்பது ஆண்டெனா வழியாக வெளியே போகும் திறன்; அதில் ஆண்டெனாவின் கெயினும் (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு) அடக்கம். மாட்யூலின் டேட்டாஷீட் 19.5 டிபிஎம் என்று சொல்லும். அது ஆண்டெனாவுக்கு முந்தைய கணக்கு. கெயின் 2 டிபிஐ உள்ள ஆண்டெனா சேர்ந்தால் 21.5 ஆகிவிடும், லேபில் தோற்கும். ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருளில்) உச்சத் திறனை 17 அல்லது அதற்கும் கீழே பூட்டுங்கள். ஒரு பலகைக்கும் இன்னொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு டெசிபெல் வித்தியாசம் இருப்பது சாதாரணம் என்பதால் எல்லையை ஒட்டி நிற்க வேண்டாம். புளூடூத்துக்கு இன்னோர் எல்லை குறுக்கே வரும்: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 10 டிபிஎம். குறுகிய பட்டையில் பேசும் புளூடூத் லோ எனர்ஜி 10 டிபிஎம்முக்கு மேல் போவது அதனால் கடினம்.

அமெரிக்காவில் இதே பட்டைக்கு 1 வாட் வரை இடம் உண்டு. அந்த ஊர் அமைப்போடு வந்த ஃபர்ம்வேரை அப்படியே ஏற்றினால் ஐரோப்பியச் சோதனையில் கருவி விழுந்துவிடும். வைஃபை சேனல்கள் ஐரோப்பாவில் 1 முதல் 13 வரை, அமெரிக்காவில் 11 வரை. நாட்டுக் குறியீட்டைத் தொழிற்சாலையிலேயே பதித்து, பயனர் மாற்ற வழியில்லாமல் மூடுங்கள்.

லோரா (சிறு செய்திகளை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை) கருவி செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவின் ஐஎன்865 திட்டம் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸில் 30 டிபிஎம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பாவின் ஈயூ868 திட்டத்தின் அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5. அங்கே 868.0 முதல் 868.6 வரையிலான துண்டில் 25 மில்லிவாட் ஈஆர்பி (ஈஐஆர்பி போன்ற இன்னோர் அளவு; வித்தியாசம் கீழே). கருவி அலை அனுப்பக்கூடிய நேரப் பங்கு ஒரு சதவீதம், அதாவது மணிக்கு 36 விநாடி. லோராவின் மிக மெதுவான அமைப்பான ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் 12இல் ஒரு சிறு செய்தி காற்றில் ஒன்றரை விநாடி எடுக்கும். மணிக்கு 24 செய்திக்கு மேல் போனால் சட்டம் மீறியாயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பும் கருவி இந்தியாவில் ஒழுங்காக ஓடியிருக்கும். அங்கே அதே ஃபர்ம்வேர் குற்றம். இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைப் பயனர் கையேட்டில் எழுதிவிட்டு நகர முடியாது, கருவியே அதைக் காக்க வேண்டும். நிறைய பேச வேண்டும் என்றால் 869.40–869.65 துண்டில் 500 மில்லிவாட்டும் பத்து சதவீதமும் உண்டு.

இன்னொன்று: 868இல் எல்லை ஈஆர்பியில், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஈஐஆர்பியில். இரண்டுக்கும் இடையே 2.15 டெசிபெல். 25 மில்லிவாட் ஈஆர்பி என்பது 14 டிபிஎம் ஈஆர்பி, ஏறத்தாழ 16 டிபிஎம் ஈஐஆர்பி. கணக்கில் இது மாறிப்போனால் திறனை வீணாக இழப்பீர்கள், அல்லது எல்லையைத் தாண்டுவீர்கள்.

இரண்டாம் படி: மாட்யூல் எதைச் சுமக்கும், எதைச் சுமக்காது

"மாட்யூலுக்கு சிஇ இருக்கிறது, நமக்கு வேலை இல்லை" என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையில் அதிகச் செலவு வைப்பது. மாட்யூலின் அறிவிப்பு மாட்யூலுக்கு மட்டும். அதைப் பெட்டிக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு பவர் சப்ளையும் கேபிளும் வைத்தவுடன் அது புதிய ரேடியோ கருவி. அதற்குத் தயாரிப்பாளர் நீங்கள்.

மறுபடி எடுக்க வேண்டாதவை, கம்பி வழியாக அளக்கும் ரேடியோ அளவுகள்: திறன், பட்டை அகலம், அடாப்டிவிட்டி (வேறு யாராவது பேசினால் விட்டுக்கொடுப்பது). அதற்கும் நிபந்தனை உண்டு. அதே ஆண்டெனா வகை, கெயின் அதற்கு மேல் போகாமல், அதே திறன் அமைப்பு, மாட்யூலுக்குச் சொன்ன மின்னழுத்த வரம்பு. 2 டிபிஐ பிசிபி ஆண்டெனாவோடு சோதித்த மாட்யூலில் 5 டிபிஐ வெளி ஆண்டெனா மாட்டினால் அந்த அறிக்கை கையைவிட்டுப் போயிற்று.

மறுபடி எடுத்தே ஆக வேண்டியவை: காற்றில் கசியும் தேவையற்ற அலைகள், முழுக் கருவியின் இஎம்சி, பாதுகாப்பு, உடல் மீதான அலைத்தாக்கம், சைபர் பாதுகாப்பு. ரேடியோவும் ரேடியோ அல்லாததும் கலந்த கருவிக்குத் தரங்களை எப்படிப் பிரித்துப் பொருத்துவது என்பதற்கு ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்ஸியின் ஈஜி 203 367 வழிகாட்டியைப் படியுங்கள்.

மாட்யூல் வாங்கும் முன்பே விற்பவரிடம் முழுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது. எந்த ஆண்டெனாவோடு சோதித்தார்கள், ஃபர்ம்வேரில் எந்தத் திறன் எண், தரத்தின் எந்தப் பதிப்பு என்பவை உள்ளேதான் இருக்கும். தர மறுத்தால் வேறு மாட்யூல் பாருங்கள். பத்து ரூபாய் குறைவு என்பதற்காக அறிக்கை இல்லாத மாட்யூலை எடுத்தால், மிச்சப்படுத்திய பணம் முழுவதையும் லேப் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: எந்த வழியில் அறிவிப்பது

ஆர்ஈடியில் மூன்று வழிகள். மாட்யூல் ஏ என்பது தயாரிப்பாளரே முழுப் பொறுப்பில் அறிவிப்பது. மாட்யூல் பி, சி சேர்ந்தது: நோட்டிஃபைடு பாடி எனப்படும் அமைப்பு வடிவமைப்பை ஆராய்ந்து வகைச் சான்று தரும். மாட்யூல் எச், முழுத் தர மேலாண்மை முறை. சிறு நிறுவனங்களுக்கு வேண்டாம். (இந்த "மாட்யூல்" வேறு, பலகையில் ஒட்டும் மாட்யூல் வேறு.)

3.1க்கு எப்போதும் மாட்யூல் ஏ போதும். 3.2, 3.3 ஆகியவற்றுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழில் வெளியான ஒத்திசைந்த தரத்தை (பின்பற்றினால் சட்டத்துக்குப் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளப்படும் தரத்தை) முழுமையாகப் பின்பற்றினால் மட்டுமே மாட்யூல் ஏ. முழுமையாக என்பதோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். லேபில் எடுத்த பதிப்பும் இதழில் இருக்கும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சில தரங்கள் கட்டுப்பாட்டோடு வெளியாகும். அந்தக் குறிப்பையும் படியுங்கள். அது ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் தெரியும்.

நம் வெப்பநிலை மானிக்கு வேண்டியவை: 3.2க்கு ஈஎன் 300 328. இஎம்சிக்கு ஈஎன் 301 489-1, 301 489-17. பாதுகாப்புக்கு ஈஎன் 62368-1. உடல் மீதான தாக்கத்துக்கு ஈஎன் 62311 அல்லது 62479. ரோஸுக்கு ஈஎன் ஐஇசி 63000. லோரா இருந்தால் ஈஎன் 300 220, 301 489-3. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் ஈஎன் 301 893, அதோடு ரேடாரைக் கண்டு விலகும் டிஎஃப்எஸ் சோதனை. முதல் பொருளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

உடல் தாக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். சராசரித் திறன் 20 மில்லிவாட்டுக்குக் கீழ் என்றால் ஈஎன் 62479இன்படி அரைப்பக்க விளக்கம் போதும். 100 மில்லிவாட் என்றாலும் 20 சென்டிமீட்டர் தூரத்தில் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 0.2 வாட்தான் வரும்; எல்லை 10 வாட். உடம்பில் அணியும் கருவி என்றால் கதை வேறு, உடல் உறிஞ்சும் அலைத்திறனை அளக்கும் எஸ்ஏஆர் சோதனையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான்காம் படி: சைபர் பாதுகாப்பு

2025 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பியச் சந்தைக்குள் புதிதாக வரும், இணையத்தில் நேரடியாகவோ இன்னொரு கருவி வழியாகவோ பேசக்கூடிய ரேடியோ கருவிகளுக்கு 3.3டி கட்டாயம். தனிப்பட்ட தகவலைக் கையாண்டால் 3.3இ. பணம் நகர்த்தினால் 3.3எஃப். முறையே ஈஎன் 18031-1, 18031-2, 18031-3.

இத்தரங்கள் கட்டுப்பாட்டோடுதான் அதிகாரபூர்வ இதழில் வந்திருக்கின்றன. கடவுச்சொல் வைக்காமலேயே பயனர் பயன்படுத்த வழி விட்டிருந்தால் தரத்தைப் பின்பற்றியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாட்யூல் ஏ அடைபட்டு, நோட்டிஃபைடு பாடிக்குப் போக வேண்டியிருக்கும். "பிறகு வைத்துக்கொள்கிறேன்" என்ற ஒரு பொத்தான் செயலியில் இருப்பதாலேயே பணமும் மாதங்களும் போகும். அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே "அட்மின்" கடவுச்சொல் இருப்பதும் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கட்டும், அல்லது முதல் இயக்கத்திலேயே பயனரை வைக்கச் சொல்லுங்கள்.

தரம் கேட்பது பெரும்பாலும் எழுத்துவேலை. பாதுகாக்க வேண்டிய சொத்துகளின் பட்டியல், எல்லா இணைப்பு வாயில்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தரத்தில் உள்ள முடிவு மரத்தில் எந்தக் கிளையில் நிற்கிறீர்கள், ஏன். அதற்குப் பின்னால் உண்மையான வேலையும் இருக்க வேண்டும்: கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் மேம்படுத்தல், மறைகுறியாக்கிய இணைப்பு முறையான டிஎல்எஸ்ஸில் சர்வர் சான்றைச் சரிபார்ப்பது, பிழைதிருத்தத்துக்காகப் பலகையில் திறந்து கிடக்கும் யூஆர்ட், ஜேடேக் முனைகளை மூடுவது. பல சிறு தயாரிப்புகள் இந்தக் கடைசி விஷயத்தில் மாட்டும்.

ஐந்தாம் படி: லேபுக்குப் போகும் முன்

சட்டப்படி லேபுக்கு அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆனால் சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இல்லாத அறிக்கையை இறக்குமதியாளர் ஏற்பது அரிது. இந்தியாவின் லேப் அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரமுள்ள லேபின் அறிக்கையை, நாடுகள் ஒன்றின் அங்கீகாரத்தை இன்னொன்று ஏற்கும் ஐலேக் ஒப்பந்தத்தின்படி அங்கேயும் மதிப்பார்கள். உங்களுக்கு வேண்டிய தரமும் பதிப்பும் அந்த லேபின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "நாங்கள் எல்லாம் செய்வோம்" என்ற பேச்சு போதாது.

மூன்று மாதிரிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று விற்கப்போகும் நிலையில், மூடிய பெட்டியோடு. இன்னொன்றில் ஆண்டெனாவைத் துண்டித்து, மெல்லிய கோஆக்சியல் கேபிளை நேராக ஈயம் வைத்து, மறுமுனையில் எஸ்எம்ஏ இணைப்பி. மூன்றாவது கைவசம், ஒன்று கருகினால் மாற்ற.

சோதனை ஃபர்ம்வேர் இல்லாமல் போய் நின்று நாள்கூலி கட்டுபவர்கள் நிறைய பேர். தொடர்ந்து அனுப்பும் நிலை, கீழ், நடு, மேல் சேனல்கள், ஒவ்வொரு மாடுலேஷனும், தொடர்ந்து கேட்கும் நிலை, இவை எல்லாவற்றையும் சீரியல் கட்டளையால் மாற்ற முடிய வேண்டும். ஒரு பக்கத்தில் கட்டளைகளை எழுதிக் கொடுங்கள். அடாப்டிவிட்டி சோதனைக்கு மட்டும் சாதாரண ஃபர்ம்வேர்.

இன்னொரு தாளும் வேண்டும்: சோதனையின்போது எது சரியான இயக்கம், எது தோல்வி. "வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப வேண்டும்" என்று நீங்கள் முன்கூட்டி எழுதாவிட்டால், லேப் பொறியாளர் தன் அளவுகோலை வைத்துக்கொள்வார்.

இறுதிச் சோதனைக்கு முன் அரை நாள் முன்னோட்டம் எடுங்கள். அதிகாரபூர்வ அறிக்கை இல்லாமல், கசிவு மட்டும் பார்க்க. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் போன்ற மின்காந்த இடையூறு (இஎம்ஐ), இஎம்சி லேப்களில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

விழும் இடங்கள்

வைஃபை மானிக்கு ரேடியோவில் விழுவதைவிட, ரேடியோ அல்லாததில் விழுவதே வாடிக்கை. 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் இரைச்சல் உணரிக் கேபிளில் ஏறும். இரண்டு மீட்டர் கேபிள் நல்ல ஆண்டெனாவாகிவிடும். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸுக்குள், வீட்டுச் சூழலுக்கான கிளாஸ் பி எல்லையைத் தாண்டும். ரெகுலேட்டரின் உள்ளீட்டு கெபாசிட்டரை அதன் காலடியிலேயே வையுங்கள், கிரவுண்டை உடைக்காதீர்கள், கேபிள் நுழையும் இடத்தில் ஃபெரைட் பீடும் கெபாசிட்டரும் போடுங்கள். பிசிபியில் அவற்றுக்கு இடமாவது விட்டிருந்தால் லேபிலேயே ஒட்டிப் பார்க்கலாம்.

ஈஎன் 300 328 ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேலான கசிவுக்கு -30 டிபிஎம் எல்லை வைக்கிறது. 470–694 மெகாஹெர்ட்ஸ் போன்ற ஒளிபரப்புப் பட்டைகளில் -54. மாட்யூல் தனியே இதைத் தாண்டியிருந்தாலும் உங்கள் பெட்டிக்குள் பிராசஸர் கிளாக்கின் ஹார்மோனிக் அந்தப் பட்டையில் விழலாம்.

நிலைமின்சாரம்: தொடுகையில் 4 கிலோவோல்ட், காற்றில் 8 கிலோவோல்ட். யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக ஓட்டில் அடித்தவுடன் கருவி ரீசெட் ஆகும். ரீசெட் ஆகித் தானாக எழுந்தால் பெரும்பாலும் தேர்ச்சி, கை வைத்து எழுப்ப வேண்டியிருந்தால் தோல்வி. கருவி உறைந்தால் மீண்டும் தொடக்கும் வாட்ச்டாக் டைமரும், அதிக மின்னழுத்தத்தை வடித்துவிடும் டிவிஎஸ் டையோடும் இங்கே காப்பாற்றும். உணரிக் கேபிளை 3 மீட்டருக்குள் வைத்து, கையேட்டிலும் அப்படியே எழுதினால் அந்த முனைக்கு வேக மின்துடிப்புகளைத் தாங்குகிறதா என்ற சோதனை வேண்டியதில்லை. நம் இரண்டு மீட்டர் அதற்காகத்தான்.

அடாப்டரைப் பெட்டியில் போடாதீர்கள். போட்டால் அதன் பாதுகாப்பு, இஎம்சி, ஆற்றல் திறன் விதியான 2019/1782 எல்லாம் உங்கள் கோப்பில் சேரும்.

ஆறாம் படி: கோப்பு, அறிவிப்பு, ஒட்டுத்தாள்

கோப்பில் கருவியின் விளக்கமும் படங்களும், ஃபர்ம்வேர் பதிப்பு எண், சர்க்யூட் வரைபடம், பிசிபி அடுக்குகள், பாகப் பட்டியல், அபாய மதிப்பீடு, பின்பற்றிய தரங்கள் பதிப்போடு, எல்லா அறிக்கைகளும், மாட்யூலின் ஆவணங்களும், பாகம் விற்றவர்களின் ரோஸ் உறுதிமொழிகளும் இருக்க வேண்டும். கடைசியாக அனுப்பியதிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

முழு இணக்க அறிவிப்பை இணையத்தில் ஏற்றி, கையேட்டில் ஆர்ஈடி தரும் சுருக்க வாசகத்தையும் துல்லியமான முகவரியையும் அச்சிடலாம். நிறுவனத்தின் முகப்புப் பக்க முகவரி போதாது, அறிவிப்புக்கே நேராகப் போக வேண்டும். கையேட்டில் அலைவரிசைப் பட்டைகளும் ஒவ்வொன்றின் உச்சத் திறனும் கட்டாயம். அதிகாரிகள் முதலில் பார்ப்பதும் அடிக்கடி விடுபடுவதும் இதுதான். கையேடு விற்கும் நாட்டு மொழியில்.

கருவியில் சிஇ குறி குறைந்தது 5 மில்லிமீட்டர் உயரம். மிகச் சிறிய கருவி என்றால் தெளிவாகத் தெரியும் வரை குறைக்கலாம். பெட்டியிலும் அதே குறி. நோட்டிஃபைடு பாடியின் எண்ணை மாட்யூல் எச் வழியில் போனால் மட்டுமே பக்கத்தில் போட வேண்டும். வகைப் பெயர், தொடர் எண், உங்கள் பெயர், அஞ்சல் முகவரி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் ஆகியவையும் வேண்டும். பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உள்ள பட்டை இருந்தால் பெட்டியில் நாட்டுக் குறியீடுகளோடு அட்டவணை.

ஏழாம் படி: அங்கே ஓர் ஆள்

2021 ஜூலை 16 முதல், 2019/1020 விதியின்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பான ஒருவர் இல்லாமல் இப்பொருளை விற்க முடியாது. இறக்குமதியாளர், எழுத்துப்பூர்வமாக நியமித்த பிரதிநிதி, இருவரும் இல்லையென்றால் பொருளைக் கிடங்கில் வைத்து அனுப்பும் நிறுவனம். நேரடியாக இணையத்தில் விற்பதாக இருந்தால் பிரதிநிதியை நியமியுங்கள். அவர் பெயரும் முகவரியும் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும்.

வாங்குபவர் தன் பிராண்ட் பெயரில் விற்க விரும்பினால் சட்டப்படி அவரே தயாரிப்பாளர். அறிவிப்பு அவர் பெயரில் வர வேண்டும், கோப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும். சர்க்யூட் வரைபடத்தைக் கொடுப்பதா இல்லையா என்ற பேச்சை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மின்கழிவுப் பதிவு நாட்டுக்கு நாடு தனி. ஜெர்மனியில் விற்பனை தொடங்கும் முன்பே பதிவெண் வேண்டும். பிரிட்டன் சிஇ குறியை ரேடியோ கருவிக்கு இன்னும் ஏற்கிறது. ஆனால் இணையத்தோடு இணையும் வீட்டு உபயோகப் பொருளுக்கு 2024 ஏப்ரல் 29 முதல் இணையப் பொருள்களின் பாதுகாப்புக்கான பிஎஸ்டிஐ சட்டத்தின்படி தனி இணக்க அறிக்கை கேட்கிறது.

அனுப்பிய பிறகு

சோதித்த கருவியும் ஆயிரமாவது கருவியும் ஒன்றாக இருப்பது உங்கள் பொறுப்பு. கொள்முதல் பிரிவு ரெகுலேட்டரை மலிவான ஒன்றுக்கு மாற்றும், ஃபெரைட் பீட் கையிருப்பு தீர்ந்து வேறு மதிப்பு வரும், ஃபர்ம்வேர் குழு தூரம் போதவில்லை என்று திறனை மூன்று டெசிபெல் ஏற்றும். இவற்றில் எதுவும் லேப் அறிக்கைக்குத் தெரியாது. ஆண்டெனா, கிரிஸ்டல், பவர் சப்ளை, மாட்யூல், பிசிபி அடுக்கு, திறன் அட்டவணை இந்த ஆறில் எது மாறினாலும் கையெழுத்தில்லாமல் வெளியே போகாதபடி பாகப் பட்டியலில் குறியிடுங்கள். மாற்றம் வந்தால் எந்தச் சோதனை பாதிக்கப்படும் என்று ஒரு பத்தி எழுதி, தேவையானதை மட்டும் மறுபடி எடுத்து, தேதியோடு கோப்பில் சேருங்கள். 2027 டிசம்பர் 11 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது ஆதரவுக் காலம் முழுக்கப் பாதுகாப்பு மேம்படுத்தல் தர வேண்டியிருக்கும். ஃபர்ம்வேர் பதிப்புகளின் பட்டியலை அதே கோப்பில் இப்போதே தொடங்கி வையுங்கள்.